வண்ண வினைலில் பழைய ராக் அண்ட் ரோல் திரையிசை: தேர்ந்தெடுப்பதும் ஒலிக்கவிடுவதும்

'ராக், ராக், ராக்!' என்ற அமெரிக்கத் திரைப்படம் 1956இல் வெளிவந்தபோது, சிகாகோவின் செஸ் நிறுவனம் அதே பெயரில் எல்பி 1425 என்னும் எண்ணுடைய வினைல் இசைத்தட்டை (எல்பி என்பது நெடுநேரம் ஒலிக்கும் தட்டு) வெளியிட்டது. இப்படிப்பட்ட பழைய ஆல்பங்கள் இன்று சிவப்பு, நீலம், ஒளி ஊடுருவும் மஞ்சள் என்று பல நிறங்களில் மறுவெளியீடாகக் கிடைக்கின்றன. முதன்முறையாக ஒன்றை வாங்குபவருக்கான வழிமுறை இது.

படி 1: பாடல் பட்டியலைப் படியுங்கள்

மேற்சொன்ன செஸ் தட்டில் பாடகர் சக் பெர்ரி, மூன்குளோஸ், ஃபிளமிங்கோஸ் என்னும் பாடகர் குழுக்கள் ஆகியோருக்குத் தலா நான்காக 12 பாடல்கள் உள்ளன. ஆனால் படத்தில் இடம்பெற்றவை அவற்றுள் நான்கு மட்டுமே. படத்தில் பாடும் லாவெர்ன் பேக்கரும் ஃபிராங்கி லைமனும் வேறு நிறுவனங்களின் பாடகர்கள் என்பதால் அந்தத் தட்டில் இல்லை. படத்தை நினைத்து வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

படி 2: ஒலியின் மூலத்தைத் தேடுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1963க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளுக்கான உரிமைக் காலம் முடிந்துவிட்டதால், முதலில் பாடல் பதிவான மூல நாடாவைக் கண்ணால்கூடப் பார்க்காத நிறுவனங்களும் அவற்றைச் சட்டப்படியே அச்சிடலாம். குறுந்தகட்டிலிருந்து எடுத்த ஒலியே அழகான வண்ணத் தட்டில் வந்து சேர்வதும் உண்டு. எந்த நாடாவிலிருந்து, யார் மாஸ்டரிங் (அச்சிடுவதற்கு முன் ஒலியை இறுதியாகச் சீர்செய்தல்) செய்தார் என்று பின்னட்டை வெளிப்படையாகச் சொல்லும் பதிப்பையே நான் தேர்ந்தெடுப்பேன். 1956இல் இடம், வலம் என இரு தடங்களில் ஒலிக்கும் ஸ்டீரியோ எல்பி விற்பனைக்கு வந்திருக்கவில்லை. ஆகவே 'மோனோ' (ஒரே தட ஒலி) என்ற குறிப்பு இருப்பது நல்லது. மோனோ பதிவை மின்னணு முறையில் ஸ்டீரியோபோல மாற்றிய பதிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 3: நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்

வினைல் தட்டின் மூலப்பொருளான பிவிசி பிளாஸ்டிக் இயல்பில் கறுப்பு அன்று. கரித்தூள் சேர்ப்பதால்தான் கறுப்பாகிறது. ஒரே நிறத்தில் நன்றாக அச்சிட்ட வண்ணத் தட்டு கறுப்புத் தட்டுக்குக் குறைந்ததாக இருக்க வேண்டியதில்லை. படம் பதித்த பிக்சர் டிஸ்க் மட்டும் வேறு கதை: படத்தின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டி அதில் ஊசி ஓடும் பள்ளம் பதிப்பதால் இரைச்சல் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். '180 கிராம்' என்ற விளம்பரத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். கனம் கூடினாலும் பள்ளம் அதேதான்.

படி 4: வந்தவுடன் சோதியுங்கள்

தட்டைச் சுழலவிட்டுப் பக்கவாட்டில் பார்த்தால் வளைவு தெரியும். ஊசி தாங்கிய கை இடமும் வலமுமாக அசைந்தால் நடுத்துளை விலகியிருக்கிறது என்று பொருள். துணி கிழிவதைப் போன்ற ஓசை தொடர்ந்து கேட்டால், அச்சிடும்போது பிளாஸ்டிக் பள்ளத்தை முழுமையாக நிரப்பவில்லை. எவ்வளவு துடைத்தாலும் அது போகாது, திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

படி 5: ஒலிக்கவிடுங்கள்

வேகத்தை நிமிடத்துக்கு 33⅓ சுற்றுகளில் வையுங்கள். ஊசியின் அழுத்தம், கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்தியிருக்கும் பாகம்) தயாரிப்பாளர் சொன்ன அளவில் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஆடியோ-டெக்னிகா விஎம்95இ வகைக்கு அது 2 கிராம். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள்: மோனோ ஒலி பள்ளத்தில் பக்கவாட்டு அசைவாக மட்டுமே பதிவாகியிருப்பதால், தூசு உண்டாக்கும் மேல்கீழ் அசைவின் இரைச்சல் அப்போது பெருமளவு நீங்கிவிடும். ஒளி ஊடுருவும் தட்டில் பாடல்களுக்கு இடைப்பட்ட கோடு எளிதில் தெரியாது. விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்து ஊசியை இறக்குங்கள். ஒளி உணரியால் தட்டின் அளவை அறியும் சில தானியங்கி டர்ன்டேபிள்கள் இத்தகைய தட்டை உணராமல் நின்றுவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

படி 6: பாதுகாத்து வையுங்கள்

நிறம் தெரியட்டும் என்று தட்டை வெயில் விழும் சுவரில் மாட்ட வேண்டாம். வெளுக்கும், வெப்பத்தில் வளைந்தும் போகும். மென்மையான பிவிசி உறை நாளடைவில் தட்டின் மேல் மங்கலான படிவை உண்டாக்கக்கூடும் என்பதால், பாலிஎத்திலீன் உள்ளுறையில் இட்டு நிமிர்த்தி அடுக்குங்கள்.