புது வகுப்பாசிரியருக்கு உங்கள் பிள்ளையைப் பற்றி எழுதுவது எப்படி?

என் மகனுக்குப் பதினொரு வயது. ஆட்டிசம் இருக்கிறது. சொன்னதும் சிலர் "ஐயோ பாவம்" என்பார்கள். மற்றவர்கள், "அப்படியானால் கணக்கில் புலியாக இருப்பானே!" என்பார்கள். கணக்கு அவனுக்குச் சுத்தமாக வராது. அபாரமான தனித்திறமை ஆட்டிசம் உள்ளவர்களில் சிலருக்குத்தான் இருக்கும். இல்லாத பிள்ளைக்கும் மதிப்பு உண்டு என்பதை ஏனோ நாம் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு வருடமும் வகுப்பாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுகிறேன். முதல் வருடம் திறமைகள் தனியாக, சிரமங்கள் தனியாகப் பட்டியல் போட்டேன். ஆசிரியர் சிரமங்களை மட்டும் படித்துவிட்டு அவனைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார். அந்தப் பயத்தில் அடுத்த வருடம் நல்லதை மட்டும் எழுதினேன். "இவ்வளவு தெரிந்தவன் வேண்டுமென்றே அடம்பிடிக்கிறான்" என்று பதில் வந்தது.

அதனால் பிரிக்காதீர்கள். இரண்டையும் சேர்த்தே எழுதி, என்ன செய்ய வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். என் கடிதத்தில் இப்படி இருக்கும்: "காது மிகக் கூர்மை. மின்விசிறியின் பேரிங் தேய்வதை எங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவான். அதே காது பள்ளி மணியைத் தாங்காது. மேசைக்கு அடியில் புகுந்துகொள்வான். மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது சொல்லிவிட்டால், அவனே ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொள்வான்."

மருத்துவ அறிக்கையில் 'நிலை 2' என்று இருக்கிறதா? 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் உள்ள அந்த மூன்று நிலைகளும் எவ்வளவு உதவி தேவை என்பதைத்தான் சொல்கின்றன, அறிவை அளப்பதில்லை. எண்ணை விட்டுவிட்டு எந்த நேரத்தில் என்ன உதவி என்று எழுதுங்கள்.

'கண்ணைப் பார்த்துப் பேசமாட்டான்' என்று குறையாக எழுதவும் வேண்டாம். 'பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், நிறையப் பேசுவான்' என்று எழுதுங்கள். புரியாமை ஆட்டிசம் உள்ளவர் பக்கம் மட்டுமல்ல, மற்றவர் பக்கமும் இருக்கிறது என்பதை ஆட்டிசம் உள்ள ஆய்வாளரான டேமியன் மில்டன் 2012இலேயே எடுத்துச் சொன்னார்.

அப்புறம், அனுப்புவதற்கு முன் பிள்ளையிடம் படித்துக் காட்டுங்கள். போன வருடம் 'நண்பர்கள் இல்லை' என்று எழுதியிருந்தேன். அவன் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு, மேலே ஒரு பெயரை எழுதினான். அப்படி ஒரு பையன் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.