ஆத்தங்குடிக் கல் கணக்கை ஸ்லைடில் காட்டலாம்: திருத்தக்கூடிய சார்ட் போடும் முறை

செட்டிநாட்டு ஆத்தங்குடியில் சித்தப்பா, தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். போன வருஷம் கடன் கேட்டுப் போக அவருக்கு பவர்பாயிண்டில் ஸ்லைடு செய்து கொடுத்தேன். எக்ஸலில் போட்ட சார்ட்டைப் படமாக ஒட்டியிருந்தேன். கிளம்பும்போது, "கார்த்திகைக் கணக்கு தப்பா இருக்குப்பா, மாத்திரு" என்றார். படத்தில் எதை மாற்றுவது? எக்ஸல் கோப்பும் கையில் இல்லை. பிரிண்ட் எடுத்த தாளில் பேனாவால் அடித்துத் திருத்தி எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து சார்ட்டை ஸ்லைடிலேயே போடுகிறேன். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் கோடு

இன்சர்ட், அப்புறம் சார்ட். மாதாமாதம் ஏறி இறங்குவதைக் காட்ட 'லைன்' வகை போதும். ஓகே கொடுத்ததும் சின்ன எக்ஸல் தாள் ஒன்று திறக்கும். அதில் நான்கு வரிசை, மூன்று பத்தியில் மாதிரி எண்கள் இருக்கும். அவற்றின் மேல் உங்கள் கணக்கை அடியுங்கள். பயிற்சிக்கு இந்த எண்களை வைத்துக்கொள்ளலாம், எல்லாம் அந்தந்த மாதம் செய்த கல், சதுர அடியில்: ஆவணி 2900, புரட்டாசி 2600, ஐப்பசி 1700, கார்த்திகை 1200, மார்கழி 1500, தை 2400.

புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். நமக்கு வேண்டியது ஒரு பத்தி. மீதி இரண்டில் எண்களை மட்டும் அழித்தால், 'சீரிஸ் 2', 'சீரிஸ் 3' என்ற பெயர்கள் சார்ட்டின் அடியில் அப்படியே நிற்கும். எண்களைச் சுற்றி ஒரு நீலக் கட்டம் தெரியும், பாருங்கள். அதன் வலது கீழ் மூலையைப் பிடித்து, முதல் பத்தியோடு ஆறு மாதமும் உள்ளே வரும்படி இழுத்துவிடுங்கள். கட்டத்துக்குள் இருப்பதுதான் சார்ட்டில் வரும்.

தாளை மூடிவிடலாம். பிறகு எப்போது திருத்த வேண்டுமானாலும் சார்ட்டின் மேல் ரைட் கிளிக் செய்து 'எடிட் டேட்டா' கொடுங்கள். எண்ணை மாற்றினால் கோடு தானாக நகரும்.

தலைப்பில் 'உற்பத்தி நிலவரம்' என்று எழுதாதீர்கள். 'ஐப்பசி மழையில் கல் காயவில்லை' என்று எழுதுங்கள். கோடு ஏன் சரிந்தது என்பது பார்ப்பவருக்கு உடனே புரியும். கோட்டுக்குப் பதில் பட்டை போட்டால், பக்கத்தில் எண்கள் வரும் அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்க வேண்டும். 1000-இலிருந்து தொடங்கினால் கார்த்திகையில் வேலையே நடக்காத மாதிரி தெரியும். அது பட்டறைக்கு அநியாயம்.

அடுத்து ஓட்டம்

கல் உருவாகும் வரிசையைக் காட்ட சார்ட் வேண்டாம், பெட்டிகள் போதும். இன்சர்ட், ஷேப்ஸ் போய்ப் பெட்டிகள் வரைந்து உள்ளே எழுதுங்கள்: கண்ணாடி துடைத்தல், அச்சு வைத்தல், வண்ணக் கலவை ஊற்றுதல், மணலும் சிமெண்டும் போடுதல், தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்தல், காயவைத்தல். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடியால் வருவது. அதனால் முதல் பெட்டிக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்தேன்.

பெட்டிகளை இணைக்க அதே ஷேப்ஸில் உள்ள அம்புக்கோட்டை எடுங்கள். பெட்டியின் அருகே கொண்டுபோனால் விளிம்பில் புள்ளிகள் தெரியும். அந்தப் புள்ளியிலேயே கோட்டின் நுனியை விடுங்கள். ஒட்டிக்கொண்டால், பெட்டியை எங்கே நகர்த்தினாலும் கோடும் கூடவே வரும். சும்மா பக்கத்தில் விட்டால் தனியாக நின்றுவிடும்.

அனுப்பும் முன்

எக்ஸலில் ஏற்கெனவே சார்ட் இருந்தால், ஒட்டும்போது வரும் தேர்வுகளைக் கவனியுங்கள். 'லிங்க்' என்று ஒட்டினால், எக்ஸல் கோப்பு இல்லாத கம்ப்யூட்டரில் எண்களைத் திருத்த முடியாது. 'எம்பெட்' என்று ஒட்டினால் திருத்தலாம், ஆனால் அந்த எக்ஸல் கோப்பு முழுவதும் ஸ்லைடுக்குள் போய்விடும். பக்கத்துத் தாளில் கூலிக் கணக்கு இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். அதனால்தான் தேவையான எண்களை மட்டும் ஸ்லைடிலேயே அடிக்கச் சொல்கிறேன்.

தமிழை யூனிகோடில் அடியுங்கள், நிர்மலா எழுத்துரு நன்றாக இருக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஐப்பசியும் கார்த்திகையும் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.