21 புளியங்கொட்டையில் ஒரு கணக்கு வகுப்பு

கணக்கு வகுப்பில் விளையாட்டு என்றால் பலரும் முதலில் செய்வது வாய்ப்பாட்டுப் போட்டிதான். வேகம் கூடும், மறுக்கவில்லை. ஆனால் எப்போதும் ஜெயிக்கிற அதே நாலு பிள்ளைகள்தான் ஜெயிப்பார்கள், மற்றவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பலன் தந்தது வேறு வழி: ஒரே விளையாட்டை எடுத்துக்கொண்டு அதன் விதியை மாற்றிக்கொண்டே போவது.

இருவருக்கு 21 புளியங்கொட்டை. மாறி மாறி எடுக்க வேண்டும், ஒரு முறைக்கு 1, 2 அல்லது 3. கடைசிக் கொட்டையை எடுப்பவர் ஜெயித்தார். 6, 7-ஆம் வகுப்புக்கு நன்றாகப் பொருந்தும்.

முதல் பத்து நிமிடம் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. சத்தமாக இருக்கும், பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள், பரவாயில்லை. கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவன், "சார், அவன்கிட்ட நாலை விட்டுட்டா அவன் காலி!" என்று கத்துவான். சரி என்றும் சொல்லாதீர்கள், தப்பு என்றும் சொல்லாதீர்கள். "எப்படி? அவன் 3 எடுத்தால்?" என்று கேளுங்கள். அவன் 1 எடுத்தால் நான் 3, அவன் 2 எடுத்தால் நான் 2, அவன் 3 எடுத்தால் நான் 1 என்று மூன்று வரி எழுதிக் காட்டுவான். அது முழு நிரூபணம். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: அந்த நாலுக்கு வந்து சேர, அதற்கு முன்னால் எத்தனையை விட்டிருக்க வேண்டும்? 8, 12, 16, 20 என்று அவர்களே ஏறிப் போவார்கள். முதலில் ஆடுபவர் 1 எடுத்தால் போதும் என்பதும் தானாக வரும்.

நான் முதல் தடவை செய்தபோது, மணி அடித்துவிடுமோ என்ற பயத்தில் ஐந்தாவது நிமிடமே "நாலின் மடங்கு" என்று பலகையில் எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு ஒருவரும் கொட்டையைத் தொடவில்லை.

அடுத்து, 1 அல்லது 2 மட்டும்தான் எடுக்கலாம் என்று மாற்றுங்கள். இப்போது 3-இன் மடங்கு. 21-ம் அதில் வருவதால் இரண்டாவதாக ஆடுபவர் கை ஓங்கும், "நான்தான் முதல்ல" என்று அடம்பிடித்தவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்தது. 1, 2, 4 எடுக்கலாம், 3 கூடாது. ஆடுவதற்கு முன்பே எந்த எண்ணை விட வேண்டும் என்று ஊகித்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். 5-இன் மடங்கு, 7-இன் மடங்கு என்றெல்லாம் வரும். ஆடிப் பார்த்தால் பழைய 3-இன் மடங்கேதான்! 4-ஐச் சேர்த்ததால் ஒன்றுமே மாறவில்லை. ஏன்? 4-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே 4 எடுப்பதும் 1 எடுப்பதும் இங்கே ஒன்றுதான், இரண்டுக்கும் பதில் 2. மீதி என்பது எதற்கு என்று கேட்காமலே வகுத்தல் போட்டுவந்த பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிற இடம் இது.

கொட்டையை இரண்டு மூன்று குவியலாகப் பிரித்து, ஒரு முறைக்கு ஏதாவது ஒரு குவியலிலிருந்து மட்டும் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றும் ஆடலாம். அதற்கு நிம் என்று பெயர், 1901-இல் சார்லஸ் பூட்டன் என்ற கணிதவியலாளர் அதற்கு முழுத் தீர்வே எழுதினார். ஆனால் அவசரப்பட வேண்டாம்.

கடைசியாக, விதியை அவர்களையே போடச் சொல்லுங்கள். நிபந்தனை ஒன்றுதான்: யார் ஜெயிப்பார், ஏன் என்று எழுத வேண்டும், இன்னொரு ஜோடி அதை உடைக்கப் பார்க்க வேண்டும். ஜெயித்ததற்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள், எழுதிய காரணத்தை மட்டும் பாருங்கள்.

ஒரு முறை இரண்டு பெண்கள், 1, 2, 3 எடுக்கலாம், ஆனால் எதிராளி கடைசியாக எடுத்த அதே எண்ணிக்கையை எடுக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். 4 கொட்டை இருந்தபோது ஒருத்தி 2 எடுத்தாள். மற்றவள் 1 எடுத்தாள். மிச்சம் ஒன்று, அதை இவளால் எடுக்க முடியாது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். "விதி உங்களுடையது, நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். மணி அடித்த பிறகும் அந்த ஒற்றைக் கொட்டையை நடுவில் வைத்துக்கொண்டு வாதாடிக்கொண்டிருந்தார்கள்.