வளவு வேம்பு: ஊருக்குப் போய்வருகிறவர்களுக்கு

ஐரோப்பாவிலிருந்து யாழ்ப்பாணம் போய்த் திரும்புகிறவர்களின் பெட்டியில், மிளகாய்த்தூளுக்கும் ஒடியல் மாவுக்கும் அடுத்தபடியாக, வளவில் நிற்கும் வேம்பிலிருந்து ஏதாவது ஒன்று கட்டாயம் ஏறிவிடும். அது காய்ந்த பூவாகவோ, போத்தலில் அடைத்த எண்ணெயாகவோ, அம்மன் கோயிலில் வைத்தெடுத்த பச்சைக் கொத்தாகவோ இருக்கலாம். ஊரில் இவற்றை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லாம் ஒரே மரம் தந்தவை. ஆனால் விமான நிலையத்தில் ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, பிள்ளைகளின் உடம்பிலும் ஒவ்வொன்றும் செய்வது வேறு. இந்த வேறுபாட்டை முன்கூட்டியே அறிந்திருந்தும் பயணத்தின் கடைசி நாட்களை ஒரு கொத்து வேப்பிலைக்காக அலைந்து தொலைத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

உணவுக்கு உதவுவது பூ. மாசியில் இலை கொட்டி, பங்குனியிலும் சித்திரையிலும் மரம் வெள்ளையாகப் பூக்கும்போது, மரத்தின் கீழே பழைய சேலையையோ பாயையோ விரித்துவிட வேண்டும். பறித்த பூவைவிடத் தானாக உதிர்ந்த பூவே நல்லது. அதைச் சுளகில் புடைத்துக் காம்பும் தூசும் போக்கி, கையில் நொறுங்கும்வரை வெயிலில் காயவைத்தால் ஓர் ஆண்டுக்கு மேலும் தகரப்பேணியில் கெடாமல் இருக்கும். நெய்யில் கருக வறுத்து ரசத்தில் போடலாம். யாழ்ப்பாணத்தில் விரும்பிச் செய்வது வேப்பம்பூ வடகம்: ஊறவைத்து அரைத்த உழுந்தோடு பூ, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், சின்ன வெங்காயம், உப்புச் சேர்த்துப் பிசைந்து, சிறு வில்லைகளாகத் தட்டி, வெயிலில் நன்றாக உலரவிட்டு, வேண்டும்போது எண்ணெயில் பொரிப்பார்கள். விரத நாளில் சோற்றுக்கும் பருப்புக்கும் பக்கத்தில் அந்தக் கசப்பு இருந்தால் வேறு கறி தேவைப்படாது. கடையில் வாங்குவதில் உழுந்துதான் மிகுந்திருக்கும். பூவின் கசப்பை நாவில் தேட வேண்டியிருக்கும். வீட்டு வடகம் வேண்டுமானால் நீங்கள் போய் இறங்குவதற்குப் பல நாள் முன்பே சொல்லிவைக்க வேண்டும். வந்திறங்கிய பின் கேட்டால், முழங்கால் வலியோடு இருக்கும் ஒரு முதிய பெண் உங்களுக்காக வெயிலில் குந்தியிருந்து வில்லை தட்டுவார், நீங்கள் தடுத்தாலும் கேட்கமாட்டார்.

மருந்தாக வேம்பு பயன்படும் இடத்தில் எச்சரிக்கை அதிகம் வேண்டும். இலையை அவித்த நீரில் குளிப்பதும், மஞ்சளோடு அரைத்துச் சொறி சிரங்குக்குப் பூசுவதும் பெரும்பாலும் தீங்கற்றவை. உலர்ந்த இலையை அரிசியிலும் பயற்றிலும் போட்டு வைத்தால் பூச்சி அணுகாது. வேம்பில் உள்ள அசாடிராக்டின் பூச்சிகளைத் தின்னவிடாமலும் தோலுரித்து வளரவிடாமலும் தடுக்கிறது. வேப்பெண்ணெயால் பயிரின் பூஞ்சணத்தைத் தடுக்கும் பரம்பரை அறிவின் மேல் 1990களில் ஐரோப்பியக் காப்புரிமை ஒன்று வழங்கப்பட்டு, எதிர்ப்பின் பின் 2000இல் ரத்தாகி, 2005இல் மேன்முறையீட்டிலும் அந்த முடிவே நிலைத்தது. அந்தப் பெருமிதம் எனக்கும் உண்டு. ஆயினும் பூச்சியைத் தடுக்கும் பொருள் பாலகனுக்கு உகந்தது என்று ஆகிவிடாது. வயிற்றில் பூச்சி என்று சொல்லிச் சிறு குழந்தைக்கு வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுக்க எவர் முன்வந்தாலும், அவர் உங்களை வளர்த்தவராகவே இருந்தாலும், உறுதியாக மறுத்துவிடுங்கள். அதனால் வாந்தி, வலிப்பு, மூளைப் பாதிப்பு ஏற்பட்டுக் குழந்தைகள் இறந்ததும் மருத்துவப் பதிவுகளில் உள்ளது. கர்ப்பிணிகளும் வேம்பை உள்ளுக்கு எடுக்கக் கூடாது. நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர்கள் காலையில் கொழுந்து மெல்லும் பழக்கத்தை அங்கே போய்த் தொடங்கினால், இரத்தச் சர்க்கரை மிதமிஞ்சி இறங்கக்கூடும் என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பொக்குளிப்பான் (சின்னம்மை) வந்த வீட்டில் வாசலில் வேப்பிலை செருகியிருப்பார்கள். அதை அம்மாள் வருத்தம் என்பார்கள். தாளிக்கமாட்டார்கள், மச்சம் சமைக்கமாட்டார்கள், தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை பிறர் உள்ளே வருவதையும் விரும்பமாட்டார்கள். அந்தக் கொத்தைக் கண்டால் நீண்ட நாள் பாராத உறவென்றாலும் படலையிலிருந்தே பேசிவிட்டுத் திரும்புங்கள். கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை அது தொற்றும். தொற்றியது வெளிப்பட இரண்டு மூன்று வாரம் ஆகலாம் என்பதால், உங்கள் பிள்ளைக்குத் திரும்பும் பயணத்திலேயே காய்ச்சல் தொடங்கக்கூடும்.

இனி, என்னை அலைக்கழித்த விடயத்துக்கு வருகிறேன். செத்தல் மிளகாய், உப்பு, நாற்சந்தி மண், வேப்பிலை ஆகியவற்றைச் சேர்த்து மூன்றுமுறை சுற்றி அடுப்பில் போட்டு நாவூறு கழிப்பதும், வேப்பங்கொத்தால் தடவிப் பார்வை பார்ப்பதும், பயந்த பிள்ளையின் தலைமாட்டில் கோயில் வேப்பிலையை வைப்பதும் நம் வீடுகளில் இன்றும் உண்டு. ஜேர்மனியில் வளரும் தன் பேத்தி இரவில் திடுக்கிட்டெழுந்து அழுகிறாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து என் பெரியம்மாவுக்கு நித்திரை இல்லை. மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனுக்குப் பங்குனித் திங்களில் பொங்குவதாக நேர்ந்து, நடக்க இயலாத நிலையிலும் போய்ப் பொங்கி, அங்கே பெற்ற வேப்பிலையை ஈரத்துணியில் சுற்றி என் கையில் தந்தார். வாடுவதற்குள் பேத்தியின் தலையணைக்குக் கீழே அது இருக்க வேண்டும் என்பதே அவருடைய ஒரே கோரிக்கை.

2019 டிசம்பர் 14 முதல், அன்னாசி, தேங்காய், டுரியான், வாழைப்பழம், பேரீச்சம்பழம் ஆகிய ஐந்து பழங்களைத் தவிர, பச்சையான எந்தத் தாவரப் பகுதியையும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் பயணப்பொதியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவர முடியாது. இதை நான் பெரியம்மாவிடம் சொன்னேன். பேத்திக்குக் கொண்டுபோகும் அம்மனின் இலைக்கு யார் கடிதம் கேட்பார்கள் என்றார் அவர். அதற்குமேல் மறுத்துப் பேச நாவெழாமல், அந்தச் சான்றிதழைப் பெறுவதற்காக ஊரில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். முதல் மேசையில், வேப்பிலைக்கு ஒன்றும் தேவையில்லை, கொண்டுபோங்கள் என்றார்கள். நான் சட்டத்தைச் சொன்னதும் அடுத்த மேசைக்கு அனுப்பினார்கள். அங்கே ஏற்றுமதிப் பதிவிலக்கமும் விலைப்பட்டியலும் கேட்டார்கள். விற்பதற்கில்லை, ஒரு கொத்துத்தான் என்று துணியை விரித்துக் காட்டியபோது, பொறுப்பதிகாரி களத்துக்குப் போய்விட்டார், நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மறுநாளும் வாங்கிலேயே மதியம் கடந்தது. பக்கத்தில் இருந்த விவசாயி ஒருவர் தன் படிவத்தை மூன்றாம் முறையாக நிரப்பிக்கொண்டிருந்தார். எனக்கு அது விடுமுறையின் ஒரு பகல்; அவருக்கு அதுவே வாழ்க்கை என்பதை எண்ணியபோது என் கோபத்தை உரக்கச் சொல்லும் உரிமைகூட எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. கடைசியில் முத்திரை குத்திய ஒரு கடிதம் கிடைத்தது. இதுவே போதும் என்று உறுதியும் தந்தார்கள்.

அது போதவில்லை. இறங்கிய விமான நிலையத்தில் அதிகாரி அதை மரியாதையோடு வாசித்துவிட்டு, இதில் தாவரவியல் பெயர் இல்லை, ஆய்வு செய்த குறிப்பு இல்லை, சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் படிவமும் இது அல்ல என்று விளக்கி, இலையை எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பெரியம்மா அழைத்துவிட்டார். “இலை வாடாமல் வந்ததோ, ராசா?” என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பிள்ளைகள் அனைவரையும் விமானமேற்றிவிட்டு அந்த வளவின் சருகைத் தனியே கூட்டிக்கொண்டிருப்பவர், “சரி, நீ என்ன செய்வாய்” என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டிருப்பதே கடினமாக இருந்தது.

ஆகவே பச்சை இலையை எவர் தந்தாலும், சான்றிதழ் எளிதில் கிடைக்கும் என்று எவர் சொன்னாலும், பொறுப்பேற்காதீர்கள். உண்மையான சான்றிதழைத் தாவரத் தொற்றுகாப்பு அதிகாரிகள் பொருளை நேரில் ஆய்வு செய்தே வழங்குவார்கள். இலங்கையில் அதற்கான தலைமை நிலையம் கட்டுநாயக்காவில் உள்ளது. விதைக்கும் நாற்றுக்கும் இதே விதிதான். முற்றாகக் காய்ந்த பூவுக்கும் வடகத்துக்கும் இந்தத் தடை இல்லை. ஆனால் பாலும் இறைச்சியும் கலந்தவை பெரும்பாலும் ஒன்றியத்துக்குள் வரக்கூடாது என்பதால், மோர்மிளகாயைப் பொதியில் வைக்காதீர்கள். கோயிலில் இலைக்குப் பதிலாகத் திருநீறும் கும்பிட்ட நூலும் வாங்கித் தரும்படி முதல்நாளே பெரியவர்களிடம் கேளுங்கள். அவற்றைப் பொதுவாக எவரும் மறிப்பதில்லை. நூலைப் பெரியம்மா இப்போது வேறொருவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

முடிந்தவர்கள் பயணத்தையே பங்குனிக்கு மாற்றலாம். மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை வரும் திங்கட்கிழமைகளில் மட்டுவிலில் பொங்கல் நடக்கும். வேம்பும் அப்போதுதான் பூக்கும். ஐரோப்பியப் பள்ளிகளின் உயிர்த்த ஞாயிறு விடுமுறையும் பல ஆண்டுகளில் அதே நாட்களில் விழும். சித்திரைப் புத்தாண்டு நெருங்க விமானச்சீட்டு விலை ஏறிவிடும் என்பதால் மார்கழிக்குள் பதிவு செய்யுங்கள். பிள்ளையையும் கூட்டிப்போங்கள், பார்வை பார்க்க வேண்டியவர் அங்கேதான் இருக்கிறார்.