பிராசசரைப் பார்க்கும் முன் கேமரா ஃபைலைப் பாருங்கள்

எடிட்டிங்குக்கு எந்தப் பிராசசர் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், "எந்தக் கேமராவில் எடுக்கிறீர்கள்?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். பட்ஜெட் பேச்சு அப்புறம். ஒரு கிளிப்பை வாங்கி மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறப்பேன். கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) என்ன, பிட் டெப்த் (நிறத்தின் நுணுக்கம்) 8-ஆ 10-ஆ, க்ரோமா சப்சாம்ப்ளிங் (நிறத் தகவலை எவ்வளவு குறைத்துச் சேமிக்கிறது என்பது) 4:2:0-வா 4:2:2-வா, இது மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எச்.264, எச்.265 என்ற கோடெக்குகளில் வரும் ஃபைல்களில் எல்லா ஃப்ரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. முழுப் படம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். இடையில் உள்ளவற்றில் என்ன மாறியது என்ற குறிப்பு மட்டுமே. டைம்லைனின் நடுவில் கிளிக் செய்தால், அந்த ஒரு ஃப்ரேமைக் காட்டுவதற்கு முந்தைய முழு ஃப்ரேமிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே வர வேண்டும். நான் அதிகம் வெட்டுவது மூன்று கேமராவில் எடுத்த நேர்காணல்கள். அங்கே இந்தப் பாடு மும்மடங்கு. இதைப் பிராசசரின் சாதாரணக் கோர்களின் (கணக்குப் போடும் பகுதிகளின்) தலையில் கட்டினால் அவை திணறும். இப்படிச் சுருக்கியதை விரிக்கும் டீகோடிங்குக்கென்றே தனிப் பகுதி சிப்பில் இருந்தால் சிரமமில்லாமல் ஓடும். இன்டெல் 2011-இல் கொண்டுவந்த குயிக் சிங்க் அதுதான். அது இருப்பது பிராசசரோடு சேர்ந்துவரும் கிராபிக்ஸுக்குள்.

அதனால்தான் பெயரின் கடைசியில் 'எஃப்' உள்ள இன்டெல் சிப்களை எடிட்டர்களுக்கு நான் சொல்வதில்லை. அவற்றில் கிராபிக்ஸ் இல்லை, குயிக் சிங்கும் இல்லை. விலை கொஞ்சம் குறைகிறதே என்று பலர் அதைத்தான் எடுக்கிறார்கள். கேமர்களுக்குச் சரி. இன்னொன்று, ஐ5-14400-இல் உள்ள யுஎச்டி 730 கிராபிக்ஸில் மீடியா எஞ்சின் (அந்த டீகோடிங் பகுதி) ஒன்றுதான். ஐ5-14600கே-இல் உள்ள யுஎச்டி 770-இல் இரண்டு. மல்டிகேம் (ஒரே காட்சியைப் பல கேமராவில் எடுத்து வெட்டும்) வேலை செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உங்கள் ஃபைல் எச்.265, 10 பிட், 4:2:2 என்றால் (கேனான் ஆர்5, ஆர்6 கேமராக்களில் சி-லாக் (பிறகு நிறம் திருத்துவதற்கான பதிவு முறை) வைத்து எடுத்தால் இதுதான் வரும்) கேள்வி இன்னும் கூர்மையாகிறது. டெஸ்க்டாப்பில் இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் இதை ஹார்டுவேரிலேயே விரிக்கும். ஏஎம்டியின் ரைசன் 7000, 9000 வரிசையின் உள்கிராபிக்ஸால் முடியாது. ரைசன்தான் வேண்டும் என்றால் 2025-இல் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; அதற்கு முந்தைய என்விடியா கார்டுகள் 4:2:2-ஐ விரிப்பதில்லை. சோனி ஏ7 4-இல் எக்ஸ்ஏவிசி எஸ் முறையில் 10 பிட் 4:2:2 எடுத்தால் அது எச்.264. இன்டெல் 11 முதல் 14 வரையான தலைமுறைகள்கூட அதற்குக் கைகொடுக்காது. ஆர்டிஎக்ஸ் 50 கொடுக்கும்.

எடிட்டிங்குக்கென்றே உள்ள கோடெக்குகளான ப்ரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் ஃபைல்கள் என்றால் இந்தத் தலைவலியே இல்லை. ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்து நிற்கும். அங்கே கோர்களும் ஸ்டோரேஜ் வேகமும்தான் பேசும்.

கோர் எத்தனை வேண்டும்? 4கே-யில் வெட்டி ஒட்டி, நிறம் திருத்தி, டைட்டில் போடும் வேலைக்கு ஐ5-14600கே போன்ற 14 கோர் சிப்போ, 8 கோர் ரைசனோ தாராளம். நாள் முழுக்க எக்ஸ்போர்ட் ஓடும் இடத்துக்கு 16 கோர் ரைசன் 9 9950எக்ஸ் பொருந்தும். மோஷன் கிராபிக்ஸ் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் 2022 பதிப்பிலிருந்து பல ஃப்ரேம்களை ஒரே நேரத்தில் ரெண்டர் செய்கிறது, கோர்கள் வீணாகாது; ஆனால் அதற்கேற்ப ராமும் வேண்டும், 32 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் கலர் வேலையே அதிகம் என்றால், ஒரு படி சிறிய பிராசசரை எடுத்து மிச்சத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள். எக்ஸ்3டி என்று முடியும் ரைசன்களின் கூடுதல் கேஷ் (சிப்புக்குள்ளேயே உள்ள வேகமான நினைவகம்) கேம்களுக்கானது. எடிட்டிங்குக்காக அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

வெப்பம். ஐ9-14900கே உச்சத்தில் 253 வாட் வரை இழுக்கும். நல்ல கூலர் இல்லாவிட்டால், நீண்ட எக்ஸ்போர்ட்டில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களில் கூடுதல் வோல்டேஜால் வந்த நிலையின்மைப் பிரச்சினைக்கு 2024-இல் மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் அடிப்படைக் கட்டளைகள்) திருத்தங்கள் வந்தன. அவற்றை வாங்கினால் முதல் வேலையாக மதர்போர்டின் பயாஸை (அந்தத் திருத்தம் வந்துசேரும் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்யுங்கள். இந்தத் தலைமுறைச் சிப்பை இரண்டாம் கையாக வாங்குவதை நான் தவிர்ப்பேன்; திருத்தம் போடாமல் எவ்வளவு காலம் ஓடியதென்று தெரியாது.

வாங்கும் முன் உங்கள் இப்போதைய கணினியில் ஒன்று செய்து பாருங்கள். டைம்லைனை ஓடவிட்டு, விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் 'வீடியோ டீகோட்' வரைபடத்தைக் கவனியுங்கள். அது தரையில் கிடக்க, சிபியு மட்டும் நூறைத் தொட்டால் ஹார்டுவேர் டீகோடிங் நடக்கவில்லை. அடோபி பிரீமியரில் எடிட் செய்பவர் என்றால், அதன் மீடியா அமைப்புகளில் அது அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். அங்கே சரியாக இருந்தும் திணறினால், ஒரு ப்ராஜெக்டை ப்ராக்ஸி (வெட்டுவதற்கு மட்டும் பயன்படும் இலேசான நகல்) உருவாக்கி வெட்டிப் பாருங்கள். அதில் வேலை சிக்கலில்லாமல் ஓடினால், புதுப் பிராசசரை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.