வான்ச்சோப் ஓட்டம்: ஆஃப்சைடு கோட்டைத் தாண்டப் பழகுவது எப்படி?

2006 உலகக் கோப்பையின் முதல் ஆட்டம், ஜூன் 9, மியூனிக். ஜெர்மனி 4, கோஸ்டா ரிக்கா 2. அந்த இரண்டையும் அடித்தவர் பாலோ வான்ச்சோப், 12, 73-ஆவது நிமிடங்களில். இரண்டும் ஒரே அச்சு: மேலேறி நின்ற டிஃபென்ஸுக்குப் பின்னால் நழுவி, கீப்பர் லேமனோடு ஒண்டிக்கு ஒண்டி. 1997-ல் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் டெர்பி கவுன்டி அணிக்காக நாலு பேரைத் தாண்டிப்போய் அவர் அடித்த கோல்தான் யூடியூபில் அதிகம் ஓடும். அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. மியூனிக் கோல்களைப் பழக்கலாம்.

இடத்தைச் சரியாகப் பிடியுங்கள். கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் என்றால் காய்ந்த மணல் ஆகாது. கால் புதைந்து முதல் இரண்டு எட்டு மந்தமாகும். அதை ஈடுகட்டப் பையன் முன்கூட்டியே கிளம்பிப் பழகிவிடுவான். பிறகு மஞ்சக்குப்பம் மைதானத்தில் இறங்கினால், பாஸ் கிளம்பும் முன்பே கடைசிக்கு முந்தைய எதிராளியைத் தாண்டிவிட்டான் என்று ஓடும்போதெல்லாம் லைன்ஸ்மேனின் ஆஃப்சைடு கொடி ஏறும். அலை நனைத்து இறுகிய ஓரத்தில், கரையை ஒட்டி நீளவாக்கில் ஓடவிடுங்கள்.

கோலிலிருந்து 25 மீட்டரில் காலாலேயே குறுக்கே ஒரு கோடு கீறுங்கள்; அதுதான் டிஃபென்ஸ் நிற்கும் வரிசை. அதன்மேல் 8 மீட்டர் இடைவெளியில் தண்ணீர் நிரப்பிய இரண்டு பாட்டில்கள். பாஸ் கொடுப்பவர் கோட்டுக்கு 12 மீட்டர் பின்னால், ஸ்ட்ரைக்கர் 2 மீட்டர் பின்னால். கோட்டின் முனையில் ஒருவர் லைன்ஸ்மேனாக நிற்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் இது வெறும் ஓட்டப்பயிற்சி.

ஸ்ட்ரைக்கர் முதலில் கோட்டை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடட்டும். பாஸ் கொடுப்பவர் தலையைக் குனிந்து காலைப் பின்னுக்கு இழுக்கும் கணத்தில் நேராக வெட்டித் திரும்ப வேண்டும். பந்து பாட்டில்களுக்கு நடுவே போய், கோட்டுக்கு அப்பால் 10 மீட்டருக்குள் வேகம் குறைய வேண்டும். அதைவிட வேகமாகப் போனால் கீப்பருக்குத்தான் சொந்தம். ஆளுக்கு 8 ஓட்டம், 2 நிமிட ஓய்வு, மூன்று சுற்று. அடுத்த வாரம் பாட்டில்களை எடுத்துவிட்டு இரண்டு டிஃபெண்டர்களை நிறுத்துங்கள். அவர்கள் நினைத்த நேரத்தில் மேலேறலாம்.

நின்ற இடத்திலிருந்து பாய்பவனை, திரும்பி ஓடும் டிஃபெண்டர் சுலபமாகப் பிடித்துவிடுவார். பக்கவாட்டு ஓட்டத்தின் பலனே கால் ஏற்கனவே சூடாக இருப்பதுதான். பந்தை மட்டும் பார்த்து ஓடுபவனுக்குக் கோடு நகர்ந்தது தெரியாது; உடம்பைப் பக்கவாட்டில் திறந்து வைத்தால் பந்து, கோடு இரண்டும் கண்ணில் படும். இன்னொரு தவறு, பாஸ் கொடுப்பவர் கூடுதலாக ஒரு டச் எடுப்பது. கொடி ஏறினால் திட்டு என்னவோ ஃபார்வர்டுக்குத்தான்! அப்படி டச் எடுத்தால் ஸ்ட்ரைக்கரை இரண்டு எட்டு பின்வாங்கி மறுபடி ஓடச் சொல்லுங்கள்.

விதி பந்து உதைபடும் கணத்தைத்தான் பார்க்கிறது. தலை, உடல், கால் கணக்கில் வரும், கை வராது. கடைசிக்கு முந்தைய எதிராளிக்குச் சமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லை. த்ரோ-இன்னிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது. அப்போது தயங்காமல் டிஃபென்ஸுக்குப் பின்னாலேயே போய் நிற்கலாம்.