நகராட்சிக் கணக்கைப் பின்னாலிருந்து படிப்பது எப்படி: வழக்குகளும் கூட்டுக் குடிநீரும்

ஒரு நகரத்தின் ஆண்டு நிதி அறிக்கை கைக்கு வந்தால் நான் முன்பக்கத்து அட்டவணைகளைத் தொடமாட்டேன். பின்னாலிருந்துதான் பிரிப்பேன். உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்தே பாதி ஆயுள் போனதில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அட்டவணைகளுக்குப் பின்னால் வரும் குறிப்புகளில் இரண்டை முதலில் தேடுவேன். ஒன்று, எதிர்பாராப் பொறுப்புகள். கட்ட வேண்டி வரலாம், வராமலும் போகலாம் என்ற தொகைகள். பெரும்பாலும் இன்னும் தீர்ப்பு வராத வழக்குகள். இன்னொன்று, பக்கத்து ஊர்களோடு சேர்ந்து நடத்தும் குடிநீர் அமைப்பில் அந்த நகரத்துக்கு உள்ள பங்கு. தனித்தனியாகப் படித்தால் இரண்டுமே சாதுவாகத் தெரியும். சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும்.

வழக்குக் குறிப்பைப் படிக்க ஒரு பென்சில் போதும். ஒவ்வொரு வழக்கும் மூன்றில் எந்தப் பெட்டியில் விழுந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தோற்கத்தான் போகிறோம், தொகையும் ஓரளவு தெரியும் என்றால் அது கடனாகவே கணக்கில் ஏறியிருக்க வேண்டும். தோற்கவும் கூடும் என்றால் குறிப்பில் மட்டும் வரும். வாய்ப்பே குறைவு என்றால் எழுதவே வேண்டியதில்லை. ஆக, நீங்கள் படிப்பது பெரும்பாலும் நடுப்பெட்டியை.

தொகையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 20 இலட்சத்திலிருந்து 80 இலட்சம் வரை எதுவும் ஆகலாம், எதையும் கூடுதலாக நம்பக் காரணமில்லை என்று வழக்கறிஞர் சொல்கிறார் என்று வையுங்கள். பன்னாட்டுப் பொதுத்துறை விதியான இப்சாஸ் 19-இன்படி நடு எண், அதாவது 50 இலட்சம் ஏறும். அமெரிக்க அரசுக் கணக்கியல் விதியான காஸ்பி 62-இன்படி குறைந்தபட்சம், 20 இலட்சம்தான் ஏறும். மீதி 60 குறிப்பில் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கும். வழக்கு ஒன்றுதான், கணக்கு இரண்டு. அதனால் எந்த விதியில் எழுதிய அறிக்கை என்று பார்க்காமல் இரண்டு நகரங்களை ஒப்பிடாதீர்கள். மானியம் தந்த அரசு அதைத் திருப்பிக் கேட்கலாம் என்ற வழக்கமான பத்தியும் இங்கேயே வரும். தொகை போட்டிருந்தால் மட்டும் நின்று படியுங்கள்.

இனி குடிநீர். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். கூட்டு அமைப்பில் நகரத்துக்கு 30 சதவீதம் என்று எழுதியிருப்பார்கள். சரி, எதில் 30? தண்ணீரிலா, வாக்கிலா, சொத்திலா, கடனிலா? நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கால்வாசித் தண்ணீர் எடுத்துக்கொண்டு கடனில் மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கும் நகரமும் இருக்கலாம். நான்கையும் ஓரத்தில் எழுதி வையுங்கள். குறிப்பில் கிடைக்காதது ஒப்பந்தத்தில் இருக்கும்.

பாலன்ஸ் ஷீட்டில் ‘கூட்டு முயற்சியில் முதலீடு’ என்று ஒரு பெரிய எண் இருந்தால் மயங்க வேண்டாம். அமைப்பின் உபரியில் நம் பங்கை முதலீட்டு எண்ணில் ஏற்றுவதுதான் ஈக்விட்டி முறை. அதன்படி அமைப்புக்கு 10 உபரி வந்தால் 30 சதவீத நகரத்தின் எண் 3 ஏறும். கையில் ஒரு காசு வராது. அந்த எண் முழுக்கக் குழாயும் நீரேற்று நிலையமும்தான். அதைவிட மோசம், அந்த எண்ணே இல்லாத அறிக்கை. அமைப்பின் சொத்தில் இவ்வளவு உனக்கு என்று ஒப்பந்தம் தெளிவாகச் சொல்லாவிட்டால் அமெரிக்க விதியில் முதலீடு ஏறாது. சொத்துப் பக்கம் காலி, ஆனால் பொறுப்பு அப்படியே இருக்கும்.

நான் சறுக்கியது இங்கேதான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நகரத்தின் அறிக்கையில் ‘குறிப்பிடத்தக்க வழக்கு எதுவும் இல்லை’ என்ற வரியைப் படித்துவிட்டு நிம்மதியாகக் கோப்பை மூடினேன். அந்த வரியில் பொய் இல்லை. வழக்கு இருந்தது குடிநீர் அமைப்பின் மேல். ஓர் உறுப்பு நகரம் பணம் கட்ட மறுத்து நீதிமன்றம் போயிருந்தது. அடுத்த ஆண்டு, விட்டுப்போன பங்கு மற்றவர்கள் தலையில் விழுந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. மேலதிகாரி திட்டவில்லை, ஒப்பந்தத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கணக்கை நீங்களே போடலாம். நம் பங்கு 30, விலகுகிறவர் பங்கு 20. மீதி 80-ஐ நூறாக்கினால் நம்முடைய 30, 37.5 ஆகிவிடும். ஒப்பந்தத்தில் உச்சவரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். அவரவர் பங்கில் கால்வாசிக்கு மேல் ஏற்றக் கூடாது என்றிருந்தால் 30-க்கு 7.5 தான் கூடலாம். நம் உதாரணத்தில் வரம்பை அப்படியே தொட்டுவிட்டோம். இன்னொருவரும் விலகினால் அந்தத் துண்டு யாருடையது? வரம்பே இல்லை என்றால் அந்தக் கேள்விக்கும் இடமில்லை.

‘தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் கட்ட வேண்டும்’ என்ற ஷரத்தையும் தேடுங்கள். அமைப்பின் கடன் பத்திரம் வாங்குகிறவர்கள் அதை நம்பித்தான் பணம் தருகிறார்கள். ஆனால் அதுவும் இரும்பு அல்ல. மின்சாரத்தில் ஒரு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் கூட்டு மின் அமைப்பான வாஷிங்டன் பப்ளிக் பவர் சப்ளை சிஸ்டத்தின் 4, 5ஆம் அணு உலைகளுக்கு 88 அமைப்புகள் இப்படித்தான் கையெழுத்திட்டிருந்தன. உலைகள் பாதியில் நின்றன. அப்படிக் கையெழுத்திட அம்மாநில நகராட்சிகளுக்கு அதிகாரமே இல்லை என்று 1983-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட, 225 கோடி டாலர் பத்திரங்களுக்கான கடன் தவறியது.

கடைசியாக, குடிநீர் அமைப்பின் தனி அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். எங்கே கிடைக்கும் என்று நகரத்தின் குறிப்பிலேயே பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். முதலில் அதன் ஆண்டு முடிவுத் தேதி. நகரத்தினுடையதோடு ஒத்துப்போகாவிட்டால் நீங்கள் பார்த்த பங்கு எண் பழையது. அப்புறம் அதன் வழக்குக் குறிப்பு. அதில் உள்ள ஒவ்வொரு தொகையையும் நகரத்தின் கடன் பங்கால் பெருக்கி, நகர அறிக்கையின் ‘வழக்கு எதுவும் இல்லை’ வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள்.